முதல் சட்டி கான்கிரீட்

அன்று காலை பத்தரை மணிக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலைப் பார்த்த மர நாற்காலியில் வீட்டுக்காரர் ரகுநாதன். ஆவடி ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது காலனி நலச்சங்கத்தின் செயலாளர். திவானின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்து உள்ளே போய்விடத் தயாராக, அவர் மனைவி லோகநாயகி. வாசற்படியில், காலெல்லாம் சிமெண்ட் என்று உள்ளே வர மறுத்துவிட்ட பேவர் பிளாக் காண்ட்ராக்டர் செல்வகுமார். பிரம்பு மோடாவில் என் உதவியாளர் ரூஹி. மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவில் நான், பார்த்தசாரதி. குமணன்சாவடியில் மாடியேறினால் இரண்டாவது கதவு, துப்பறியும் நிலையம்.

எங்கள் நடுவில் ஸ்டூலின் மேல், பழைய பேப்பர் விரித்து, தேங்காய் அளவுக்கு ஒரு கான்கிரீட் கட்டியை வைத்திருந்தார்கள். அதன் உடைந்த பக்கத்தில் தங்கம் மின்னியது.

"பாத்தீங்களா சாரதி சார்!" என்றார் ரகுநாதன். "ஒன்பது வருஷம்! எங்கம்மாவோட வளையல். கொத்தனார் கோதண்டம்தான் எடுத்திருக்கணும்னு நீங்க அன்னிக்கே எழுதிக் கொடுத்தீங்க. சில பேர் முணுமுணுத்தாங்க. இப்ப என்ன சொல்லுவாங்க? எடுத்து, தான் போட்ட கான்கிரீட்டுக்குள்ளேயே புதைச்சு வெச்சிருக்கான் பாருங்க!"

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. இந்த நிலையத்தைத் திறந்த பிறகு நான் முடித்த முதல் கேஸ் அது. சாட்சி இல்லாமல், பொருள் இல்லாமல், வெறும் யோசனையால் முடித்தது.

"எனக்கு ரெண்டு வரி போதும்" என்றார் ரகுநாதன். "'என் அறிக்கை சரியென்று நிரூபணமாகிவிட்டது'ன்னு சங்கத்துக்கு ஒரு கடிதம். காலனி முழுக்க பிளாக் போடற வேலை வருது. அதுல தன்னைச் சேர்த்துக்கணும், கேட்ல இருக்கற தன் பேரை எடுக்கணும்னு அவன் மனு கொடுத்திருக்கான். ஞாயித்துக்கிழமை கமிட்டி. உங்க லெட்டரை வெச்சு அன்னிக்கே தீர்த்துடறேன்."

கேட்டில் அவன் பேரை வரும்போதே பார்த்திருந்தோம். வாட்ச்மேன் அறைக் கண்ணாடியில், போட்டோவோடு லேமினேட் செய்த தாள்: 'கோதண்டம், கொத்தனார். காலனிக்குள் அனுமதி இல்லை.' ரூஹி வண்டியை நிறுத்தி அதைப் படித்தாள். "போட்டோ எந்த வருஷத்துது சார்? மீசை கருகருன்னு கீதே" என்று கேட்டாள். நான் நேரமாகிறது என்றேன்.

கட்டியைக் கையில் எடுத்தேன். நல்ல கனம்.

"செல்வகுமார், இது கான்கிரீட்டுக்கு அடியிலே கிடைச்சுதா, உள்ளேயா?"

"உள்ளாற சார். மொத்தம் நாலு இஞ்சு கான்கிரீட்டு. மேல ஒன்றரை, கீழ ரெண்டு, நடுவுல இது. பன்னுக்கு நடுவுல ஜாம் மாரி."

வளையலின் வட்டத்துக்குள் இரண்டு ஜல்லிக் கற்கள் இறுகிப்போயிருந்தன. கலவை ஈரமாக இருந்தபோதே அதனோடு சேர்ந்து விழுந்திருந்தால்தான் அப்படி இருக்கும்.

ரூஹி குனிந்து பார்த்தாள். "ஒளிச்சு வெக்கறவன் கர்ச்சீப்ல சுத்துவான், பாலிதீன்ல சுத்துவான். ஜல்லிக்கல்லுக்கு வளையல் மாட்டி அழகா பாப்பான்? அப்பறம் இத எப்டி எடுப்பான்? 'அம்மா, ப்ளக் பாயிண்ட் எங்க கீது, பிரேக்கர் மெஷின் போடணும்'னு கேட்டுகினா திருடன் வருவான்?"

வாசற்படியில் செல்வகுமார் சிரித்துவிட்டு, ரகுநாதனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

"யார் சார் இந்தப் பொண்ணு?" என்றார் ரகுநாதன்.

"என் உதவியாளர். அவங்க அம்மா பூந்தமல்லியில வளையல் கடை வெச்சிருக்காங்க. வளையல் விஷயத்தில இவ சொன்னா நான் கேட்டுக்குவேன்" என்றேன். "இடத்தைப் பார்க்கலாமா?"

லோகநாயகி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டின் வடக்குப் பக்கம் நாலடி அகலச் சந்து. பெருவெள்ளத்துக்கு மறு வருஷம், தரையை உயர்த்துவதற்காகக் கோதண்டம் போட்டுக் கொடுத்த கான்கிரீட் அது. இப்போது ஈசானிய மூலையில் மட்டும் உடைத்திருந்தார்கள். மீதிச் சந்து ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று கிடந்தது. சுவரோரம் பேவர் பிளாக்குகள் அடுக்கியிருந்தன. பிரேக்கர் மெஷின் சாக்கு போர்த்திக்கொண்டு சும்மா நின்றது.

"இதை ஏன் உடைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

செல்வகுமார் குரலைத் தாழ்த்தினார். "நானும் அதான் சார் கேட்டேன். சோக்கான கான்கிரீட்டு. இன்னும் இருவது வருசம் அசையாது. 'மழத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கணும், பிளாக்குதான் வேணும்'னு அம்மா ஒரே புடி. சரி, மெஷின வெச்சா ரெண்டு மணி நேரத்துல ஒடச்சு, தோண்டி, ஜல்லி மண்ணு போட்டு மட்டம் பண்ணிட்டுப் போயினே இருப்பேன். அதுக்கும் உடல. இந்த மூலைய மட்டும் உளியால ஒடைக்கணுமாம். இங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணுமாம்."

"பக்கத்திலே இருந்தாங்களா?"

"கைல காப்பி டம்ளர் வெச்சுகினு ஒரு மணி நேரம் நின்னுகினு இருந்தாங்க. ஒரு வாய் குடிக்கல. காப்பி மேல ஏடு கட்டிப்போச்சு."

கட்டியின் மேற்பரப்பில் வளைந்த கறை ஒன்று இருந்ததை ஹாலிலேயே கவனித்திருந்தேன். அதற்குப் பொருத்தமான அடிப்பாகத்தோடு சிமெண்ட் பூந்தொட்டி ஒன்று சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய தொட்டி. ரூஹி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"செடி இல்ல. மண்ணும் இல்ல. ஒன்பது வருசமா காத்தை நட்டு வெச்சிருந்தாங்களா?"

"அந்த இடத்தில யார் காலும் படக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க" என்றேன்.

அவள் உடைந்த துண்டுகளுக்கு நடுவே குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மூன்று நிமிஷம் கழித்து, கட்டைவிரல் நகம் போன்ற ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். பச்சை நிறக் கண்ணாடி. ஒரு பக்கம் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"பாட்டில் இல்ல சார். ஓரம் உருண்டுகினு கீது பாருங்க. கண்ணாடி வளையல். தங்கத்தோட ஒண்ணா உள்ள போயிருக்கு. கோதண்டம் அண்ணே பச்சைக் கண்ணாடி வளையல் போட்டுகினா கான்கிரீட்டு போட்டாரு?"

"நான் போட்டிருந்தேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

லோகநாயகி தோய்க்கிற கல்லில் சாய்ந்து நின்றிருந்தார். முந்தானையை வலது கையில் சுற்றியிருந்தார். செல்வகுமார் யாரும் சொல்லாமலே சாக்கை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார்.

"அந்த வளையல் எனக்குப் பெருசு சார். மாமியார் கை அளவு. முன்னாடி ரெண்டு கண்ணாடி வளையல் போட்டாத்தான் நழுவாம நிக்கும். அன்னிக்கு இந்த மூலையில பூசை போட்டாங்க. வீட்டுப் பொம்பளைதான் முதல் சட்டி கொட்டணும்னாங்க. சட்டி விளிம்பு பட்டு கண்ணாடி வளையல் ரெண்டும் உடைஞ்சு போச்சு." முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். "அடுத்த வாரம் அவருக்கு நெஞ்சில ஆபரேஷன். பூசை நேரத்தில என் கையில கண்ணாடி வளையல் உடைஞ்சா என்ன பேசுவாங்க? யார் கண்ணிலயும் படறதுக்கு முன்னாடி கையை முந்தானையில சுத்திக்கிட்டு உள்ளே ஓடிட்டேன். வேற கண்ணாடி வளையல் எடுத்துப் போட்டுக்கிட்டேன். தங்கம் இல்லேங்கறதையே சாயங்காலம்தான் பாத்தேன்."

"பார்த்ததும் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"வளையல் எங்கேன்னு அவர் கேட்டார். தெரியலைன்னுதான் சொன்னேன். நான் யோசிச்சு, இங்கேதான் விழுந்திருக்கணும்னு புரிஞ்சுக்கிட்டு வெளியே வர்றதுக்குள்ள, நாலு வீட்டுக்காரங்க எதிர்ல கோதண்டத்தோட பையைத் தெருவில கவுத்துக் கொட்டியிருந்தார். மட்டப்பலகை, தூக்குக்குண்டு, அந்த ஆளோட சோத்து டப்பா. டப்பா தொறந்து புளிசோறு ரோட்டில கிடந்தது. அந்த ஆள் அதைக் குனிஞ்சு கையால அள்ளிக்கிட்டிருந்தார் சார். அப்புறம் எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், ஆபரேஷன் முடியட்டும் சொல்லலாம், வீட்டுக்கு வரட்டும் சொல்லலாம்னு..."

"ஒன்பது வருஷம்" என்றாள் ரூஹி மெதுவாக. அதில் கிண்டல் இல்லை.

"கோதண்டம் மனு கொடுத்திருக்கார்னு இவர் சொன்ன அன்னிக்குத்தான் பிளாக் போடணும்னு ஆரம்பிச்சேன். தானா கிடைச்ச மாதிரி கிடைச்சா அந்த ஆள் பேர் போயிடும்னு நினைச்சேன். கிடைச்சும் இவர் இப்படிப் பேசுவார்னு எனக்குத் தோணவே இல்ல."

தலைக்கு மேலே சமையலறை ஜன்னலில் பாத்திரம் ஒன்று நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரகுநாதன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"சாரதி சார்" என்றார். "அந்த லெட்டர் வேண்டாம். எதுவும் எழுத வேண்டாம். பொருள் கிடைச்சாச்சு. நமக்குள்ள இருக்கட்டும்."

"கேட்ல கீற பேரு?" என்று ரூஹி கேட்டாள்.

"அதைத் திடீர்னு எடுத்தா ஏன்னு கேப்பாங்கம்மா. நான் என்னன்னு சொல்றது? நான்தானே பையைக் கொட்டினேன்? உங்க சாருக்கும் நல்லா இருக்காது. கொஞ்ச நாள் போகட்டும், பாத்துக்கலாம்."

அவர் அப்படிச் சொன்னதும் என் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. அந்த நாள் முழுவதிலும் நான் மிகவும் வெட்கப்படுவது அந்த நிமிஷத்துக்காகத்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

தெருவில் செல்வகுமாரிடம் ரூஹி கோதண்டத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"கோதண்டம் அண்ணனா? திருமழிசைல, நம்ம பிளாக் வர்ற யூனிட்லதான் மோல்டு போட்டுகினு கீறாரு. இங்க எறக்கின கல்லுல பாதி அவரு கை பட்டதுதான். லோடு வண்டில கூட வருவாரு. ஆனா உள்ள உட மாட்டாங்கல்ல, கேட்டாண்ட எறங்கி டீக்கடைல குந்திக்குவாரு. வண்டி திரும்பி வர்றப்போ ஏறிக்குவாரு."

ரூஹி ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினாள். "ஏறுங்க சார்."

"எங்கே?"

"கேஸு முடிஞ்சிடுச்சுன்னு அவருக்கும் ஒரு வார்த்த சொல்ல வேணாமா? கேட்ல பேர வெச்சவங்களே அதத் தூக்கத் தெரியாம முழிக்கறாங்க, பேரு போனவரு டீயாவது நிம்மதியா குடிக்கட்டும்."

ஏறினேன். மறுக்கும்படியான காரணம் எதுவும் கைவசம் இல்லை.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, இரண்டு பட்டறைகளைத் தாண்டியதும் அந்த யூனிட். தகரக் கூரை. நடுங்கும் மேஜையின் மேல் வரிசையாக ரப்பர் அச்சுகள். அவற்றில் கலவையை அள்ளிப் போட்டுக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தவரின் மீசை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் கையை நிறுத்தவில்லை.

"வளையல் கிடைச்சுது கோதண்டம்" என்றேன்.

கரண்டி நின்றது. மேஜையின் சுவிட்சை அணைத்தார். கூரைக்குக் கீழே திடீரென்று அமைதி.

"சாமி மூலைல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தான சார் உன்கிட்ட சொன்னேன்."

"எப்ப?"

"அன்னிக்கே. நீ என்னிய அந்தச் சந்துல நிக்க வெச்சுக் கேட்டப்போ. 'அம்மா சட்டியக் கொட்டிட்டு, கைய முந்தானைல சுத்திக்கினு உள்ள ஓடிச்சு. அதுக்கப்பறம் வளையல நான் பாக்கல. அந்த மூலைய ஒடச்சுப் பாருங்க, நானே கூலி இல்லாம திருப்பிப் போட்டுத் தர்றேன்'னு சொன்னேன். நீ கூட எழுதிக்கினியே."

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். உண்மையாகவே இல்லை.

"எழுதின சார். நான் பாத்தேன். நீல இங்க்கு."

என் தோள்பையில் அந்தப் பழைய அறிக்கையின் கையெழுத்து அசல் இருந்தது. காலையில் ரகுநாதனின் போன் வந்ததும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். எடுத்தவன் கடைசிப் பக்கத்து முடிவுரையை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். பாராட்டு வாங்கப் போகிறவனுக்கு முடிவுரை போதும். இப்போது அந்த யூனிட்டின் வாசலில், வெயிலில் நின்றுகொண்டு முதலிலிருந்து புரட்டினேன்.

முதல் பக்கத்தில் வழக்கம்போல, சம்பவ நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்ற பட்டியல். கோதண்டம், சித்தாள் இருவர், கலவை ஆள், ரகுநாதன், பூசைக்கு வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர். ஏழு பேர். கீழே ஒரு குறிப்பு: 'வீட்டு அம்மாள் உள்ளே இருந்ததாக ரகுநாதன் கூறினார்.' அந்த அம்மாளை நான் கேட்கவே இல்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் பக்கம், ஒன்பதாவது பத்தி. என் கையெழுத்து. நீல மை.

'வடகிழக்கு மூலையை உடைத்துப் பார்க்கும்படியும், உடைத்ததைக் கூலியின்றித் தானே போட்டுத் தருவதாகவும் கோதண்டம் கூறினார். இது விசாரணையின் கவனத்தைத் திருப்பும் முயற்சி எனக் கருதுகிறேன்.'

'கருதுகிறேன்' என்பதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

ரூஹி என் தோளுக்கு மேலாகப் படித்தாள். தள்ளிப்போய் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்பது வருஷம் அந்த அம்மாளைப் பேசவிடாமல் செய்தது வெட்கம். எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. திருடியவரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், வளையல் இருக்கும் இடத்தையே ஒருவர் சொல்லக் கேட்டு, அழகாக எழுதி, கோடு போட்டு மூடி வைத்தவன் நான்.

"கோதண்டம்" என்றேன். "மன்னிப்புக் கேட்டு சங்கத்துக்கு எழுதறேன். நான் செஞ்சது தப்பு, நீங்க நேர்மையானவர்னு விவரமா..."

"அது வேணாம் சார்."

"ஏன்?"

"தப்புன்னு நீ எழுதினா, 'பாரு, எவ்ளோ பெரிய மனசு, தானே ஒத்துக்கினாரு'ன்னு உன்னியத்தான் மெச்சிக்குவாங்க. நான் நல்லவன்னு நீ சர்டிபிகேட் குடுத்தா, நீ கெட்டவன்னு குடுத்த சர்டிபிகேட்டுக்கு பதிலு இன்னொண்ணு, அவ்ளோதான்." கரண்டியைத் தண்ணீரில் முக்கி வைத்தார். "நான் சொன்னது அந்தத் தாள்ல கீதுல்ல? அத அனுப்பு. நான் என்னா சொன்னேன், நீ என்னா செஞ்சே, ரெண்டும் ஒரே தாள்லயே கீது. படிச்சுக்கட்டும்."

சுவிட்சைப் போட்டார். மேஜை நடுங்கத் தொடங்கியது.

பூந்தமல்லி தபால் ஆபீசில் நாலு மணி வரைக்கும் ஸ்பீட் போஸ்ட் எடுப்பார்கள். ரூஹி ஓட்டிய வேகத்தில் மூன்றேகாலுக்குப் போய்விட்டோம். பசை டப்பா வைத்திருந்த மேஜையில் நின்றபடியே எழுத ஆரம்பித்தேன். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று எழுதி முடிப்பதற்குள் போன் அடித்தது.

"சார், நான் லோகநாயகி. லெட்டர் எழுதறீங்களா?"

"எழுதறேன் அம்மா. உங்க பேர் இல்லாம எழுத முடியுமான்னுதான்..."

"பேரைப் போடுங்க. கையில கண்ணாடி உடைஞ்சதையும் எழுதுங்க. அவர் பக்கத்திலதான் உக்காந்திருக்கார். வேண்டாம்னுதான் சொல்றார். நீங்க எழுதுங்க."

வைத்துவிட்டார்.

கடிதம் ஏழு வரிதான் வந்தது. வளையல் கான்கிரீட்டுக்குள் கிடைத்தது. முதல் சட்டியைக் கொட்டும்போது கண்ணாடி வளையல் உடைந்து, தங்க வளையல் லோகநாயகி அம்மாளின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை இன்று அவரே சொன்னார். அது எங்கே இருக்கும் என்று கோதண்டம் அன்றே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன், பார்க்கவில்லை. மூன்றாம் பக்கத்தின் அசலை இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் மனுவை எடுக்கும் முன் இதைச் சத்தமாக வாசிக்க வேண்டுகிறேன்.

'வருந்துகிறேன்' என்ற வார்த்தை இரண்டு முறை பேனா முனைக்கு வந்தது. எழுதவில்லை.

"ஜெராக்ஸ் எடுத்துகினு வரட்டுமா சார்?" என்றாள் ரூஹி. "ஆபீஸ் ஃபைலுக்கு?"

"எடு. ஆபீசுக்கு வேண்டாம். கோதண்டத்துக்கு ஒண்ணு."

அவள் எதிர்க்கடைக்கு ஓடிப் போய்த் திரும்பினாள். மூன்றாம் பக்கத்தை நாலாக மடிக்க மனம் வரவில்லை. எழுத்து மடிப்பில் போய்விடும். பெரிய கவராக வாங்கி, அப்படியே நுழைத்தேன். விரலால் பசையைத் தொட்டு வாய்ப்பட்டையின் ஓரம் முழுக்கத் தடவி அழுத்தினேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ரூஹி தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பத்து எண்ணினாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எடைபோட்டாள். "உள்ளே என்ன சார்?"

"ஒரு கடிதம். ஒரு பழைய தாள்."

"அனுப்புநர் இடத்தில வெறும் பேர்தான் இருக்கு. முழு விலாசம் வேணும்."

பேனாவை வாங்கி, பார்த்தசாரதி என்பதற்குக் கீழே துப்பறியும் நிலையம், குமணன்சாவடி என்று முழு விலாசத்தையும் எழுதினேன். காலனிக்காரர்கள் எல்லோரும் படிக்கிற மாதிரி, தெளிவாக எழுதினேன். அவள் பார்கோடு ஒட்டி, முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமல் கவரைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டாள்.